காஞ்சீபுரத்தின் பசி தீர்த்த மணிமேகலை

கோவலன், கண்ணகி கதை எல்லோருக்கும் தெரியும்.

செய்யாத குற்றத்துக்காகக் கோவலன் வெட்டுண்டான். கண்ணகி நீதி கேட்டாள். மதுரை எரிந்தது.

அதன் பிறகு என்ன நடந்தது? கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகள் என்ன ஆனாள்?

இதற்குப் பதில் சொல்லும் நூல்தான் "மணிமேகலை". அந்தக் கதை முடிகிற ஊர், காஞ்சீபுரம்!

இரட்டை நூல்கள்

ஒரு கதை புகழ் பெற்றால், அதே உலகத்தில் நடக்கும் இன்னொரு கதையை எழுதுவது உண்டு. சுஜாதா "என் இனிய இயந்திரா" என்ற விஞ்ஞானக் கதையை எழுதினார். அதில் வந்த ஜீனோ என்ற இயந்திர நாயை வாசகர்கள் மறக்கவில்லை. பிறகு "மீண்டும் ஜீனோ" எழுதினார்.

தமிழுக்கு இது புதிது அல்ல. சிலப்பதிகாரத்தை இயற்றியவர் இளங்கோவடிகள். மணிமேகலையை இயற்றியவர் தானிய வியாபாரியான சீத்தலைச் சாத்தனார். இரண்டிலும் 30 காதைகள் உண்டு. இவற்றை "இரட்டைக் காப்பியங்கள்" என்பார்கள்.

முதல் நூலில் மணிமேகலை சிறு பெண். இரண்டாவது நூலில் அவளே கதாநாயகி.

வற்றாத பாத்திரம்

சோழ இளவரசன் உதயகுமாரன், மணிமேகலையை விரும்பிப் பின்தொடர்ந்தான். அவளைக் காப்பாற்ற மணிமேகலா தெய்வம் வந்தது. வான்வழியே தூக்கிச் சென்று, மணிபல்லவம் என்ற தீவில் விட்டது. வானில் பறக்கவும், வேறு உருவம் எடுக்கவும், பசியைத் தாங்கவும் மந்திரங்கள் சொல்லிக் கொடுத்தது.

அந்தத் தீவில்தான் அமுதசுரபி அவள் கைக்கு வந்தது. அள்ள அள்ளக் குறையாமல் சோறு தரும் பாத்திரம் அது!

ஊர் திரும்பிய மணிமேகலை, வேறு உருவம் எடுத்துச் சிறைச்சாலைக்குப் போனாள். கைதிகளுக்குச் சோறு போட்டாள். "உனக்கு என்ன வேண்டும்?" என்று அரசன் கேட்டான்.

பொன்னும் பொருளும் அவள் கேட்கவில்லை. சிறைச்சாலையை அறச்சாலை ஆக்கும்படி கேட்டாள். அரசன் அப்படியே செய்தான்.

கண்ணகி பேசினாள்

பிறகு மணிமேகலை வஞ்சி நகரத்துக்குப் போனாள். அங்கே கண்ணகிக்குக் கோவில் இருந்தது. கண்ணகியும் அவளுக்குத் தாய் முறை அல்லவா? சிலையின் முன் நின்று கண்ணீர் விட்டாள்.

கண்ணகி பேசினாள்! கோபத்தில் மதுரையை எரித்த வினையின் பயனைத் தானும் அனுபவித்தே தீரவேண்டும் என்றாள்.

முதல் கதையில் நீதியாகத் தெரிந்த நெருப்பு, இரண்டாவது கதையில் பாரமாகத் தெரிகிறது.

காஞ்சியில் பஞ்சம்

அந்த நேரத்தில் காஞ்சியில் மழை பொய்த்தது. மக்கள் பட்டினி கிடந்தார்கள். இதை அறிந்த மணிமேகலை வான்வழியே காஞ்சிக்கு வந்தாள்.

அரசன் இளங்கிள்ளி அவளை வரவேற்றான். மணிபல்லவத்தில் இருப்பது போலவே சோலையும் குளமும் புத்த பீடிகையும் அமைக்கப்பட்டன.

அமுதசுரபியை வைத்து, பசித்த உயிர்களை எல்லாம் மணிமேகலை அழைத்தாள். பல மொழி பேசுவோர் வந்தார்கள். கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் ஊனமானவர், கவனிக்க ஆள் இல்லாதவர் எல்லோரும் வந்தார்கள். மிருகங்களும் வந்தன. யாரும் பசியோடு திரும்பவில்லை.

எல்லோருக்கும் சோறு போட்ட பிறகுதான், அறவண அடிகளிடம் அவள் தருமம் கேட்டாள். பிறகு காஞ்சியிலேயே தவம் செய்தாள். கதை முடிந்தது.

சீனப் பயணி

காஞ்சியில் புத்த சமயம் இருந்தது கற்பனை அல்ல. 7-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், காஞ்சியில் இருந்த புத்த மடங்களைப் பற்றி எழுதி இருக்கிறார்.

ஏட்டுச்சுவடிகளில் கிடந்த இந்த நூல்களை உ.வே.சாமிநாதையர் தேடி எடுத்து அச்சிட்டார். சிலப்பதிகாரம் 1892-ல் வெளிவந்தது. மணிமேகலை 1898-ல் வெளிவந்தது.

தந்தையைப் பறிகொடுத்த பெண், ஒரு ஊரின் பசியைத் தீர்த்தாள். சிலப்பதிகாரம் படித்தவர்கள் மணிமேகலையையும் படித்தால்தான் அந்தக் குடும்பத்தின் கதை முழுமை அடையும்.