குறி – 9: கம்பெனிப் பெயர் கடைசியில்

“பொண்ணுக்கு நல்ல ரைபிளா ஒண்ணு வாங்கிடலாம்னு இருக்கறனுங்க. எந்தக் கம்பெனிது நல்லா இருக்குமுங்க?”

சங்ககிரியிலிருந்து ஒரு லாரி உரிமையாளர் தொலைபேசியில் கேட்டார். மகள் எட்டாம் வகுப்பு. கோடை விடுமுறையில் ரைபிள் கிளப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார். ‘பாப்பாவுக்கு நிதானம் இருக்குது’ என்று கோச் ஒரு வார்த்தை சொல்லப்போக, அப்பாவுக்கு அன்றிரவே தூக்கம் போய்விட்டது. இந்தத் தொடர் ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தால் கூடவே இன்னொரு வாக்கியமும் வரும்: “காசைப் பத்தி யோசனை இல்லீங்க.”

காசைப் பற்றியும் யோசிக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் பெண்ணின் கழுத்தையும் தோளையும் இடுப்பையும் பற்றி யோசிக்க வேண்டும்.

கம்பெனி பற்றிய கேள்விக்குப் பதில் சின்னது. 10 மீட்டர் ஏர் ரைபிளில் உலகப் போட்டிகளில் புழங்குபவை ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஆஸ்திரியாவின் ஸ்டெயர், இத்தாலியின் பர்தினி போன்றவை. புதிதாக வாங்கினால் பெட்டிக்குள் வழக்கமாக ஒரு சிறிய அட்டை இருக்கும். துப்பாக்கியைத் தொழிற்சாலையில் இறுகப் பூட்டிவைத்து, 10 மீட்டரில் சுட்டுப் பார்த்த அட்டை அது. எல்லாக் குண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து, கிட்டத்தட்ட ஒரே ஓட்டையாகத் தெரியும். ஆக, துப்பாக்கியின் துல்லியம் கம்பெனியிலேயே நிரூபணமாகிவிட்டது. அதைப் பிடிக்கிற உடம்பு அறுபது முறையும் ஒரே மாதிரி நிற்குமா என்பதுதான் பாக்கி.

அறுபது குண்டு, 75 நிமிடம். முன்பு பெண்களுக்கு 40 குண்டுதான். 2018 முதல் இருபாலருக்கும் 60. இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். குண்டு 4.5 மில்லிமீட்டர், புள்ளியைவிட ஒன்பது மடங்கு பெரியது. குண்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10.0 கிடைக்கும். அங்கிருந்து மையத்தை நோக்கிக் கால் மில்லிமீட்டர் நெருங்கினால் 0.1 கூடும். உச்சம் 10.9.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2018-ல் சிட்னியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் தகுதிச் சுற்றில் 631.4 எடுத்து ஜூனியர் உலக சாதனையோடு தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே ரியோவில் சீனியர் உலகக் கோப்பைத் தங்கம். அப்படிப்பட்டவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 630.7 எடுத்தார். சராசரி 10.5. அதாவது அறுபது குண்டும் சராசரியாக மையத்திலிருந்து ஒன்றேகால் மில்லிமீட்டர் தொலைவில் விழுந்திருக்கின்றன. கிடைத்தது பத்தாவது இடம். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர்தான். இந்த விளையாட்டு எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். கன்னம் துப்பாக்கியின் கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரு நூலளவு தள்ளி உட்கார்ந்தால்கூட அந்த ஒன்றேகால் மில்லிமீட்டர் கைவிட்டுப் போய்விடும்.

சங்ககிரிக்காரருக்கு இதை லாரியை வைத்தே சொன்னேன். சேஸிஸ் கம்பெனியிலிருந்து வருகிறது. பாடியை நம் பட்டறையில், ஏற்றப்போகும் லோடுக்குத் தக்கபடி கட்டுகிறோம். ரைபிளில் பேரலும் அதன் இயந்திரமும் சேஸிஸ். ஸ்டாக் என்கிற கட்டைதான் பாடி. வளரும் பிள்ளைக்கு வாங்கும்போது காசு கொடுக்க வேண்டியது பாடிக்கு. “அட, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே” என்றார்.

ஸ்டாக் பொருந்துகிறதா என்று பார்ப்பது எப்படி? பெண்ணை இலக்குக்குப் பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். வலது கைக்காரி என்றால் இடது தோள் இலக்கைப் பார்த்திருக்கும். இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல் போய் உட்கார வேண்டும். துப்பாக்கியின் எடை முன்கை எலும்பு வழியாக இடுப்புக்கும், அங்கிருந்து கால்களுக்கும் இறங்க வேண்டும். தசை தாங்கக் கூடாது. தசை தாங்கினால் பத்தாவது குண்டில் நடுக்கம் தொடங்கிவிடும். இடது கை தாங்கும் பகுதியின் உயரம் சரியில்லை என்றாலோ, துப்பாக்கி கனத்தாலோ, பிள்ளை முதுகை வளைத்துப் பின்னால் சாய்ந்து ஈடுகட்டும். அந்த வளைவை மட்டும் பெற்றோர் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பதின்மூன்று வயது முதுகுத்தண்டு அது.

அடுத்து கழுத்து. தலை நிமிர்ந்தபடி இருக்க, சீக் பீஸ் மேலேறிக் கன்னத்தைத் தொட வேண்டும். தலை குனிந்து கட்டையைத் தேடிப் போகக் கூடாது. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. குண்டு போடாத ரைபிளைத் தோளில் ஏந்தி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுவிட்டுக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். பின் சைட்டின் சிறு துளைக்கு நேராகக் கண் தானாகவே நிற்கிறதா? நின்றால் கட்டை பொருந்துகிறது. கழுத்தை அசைத்துத் தேடினால் பொருந்தவில்லை. சீக் பீஸையும், தோளில் பதியும் பட் பிளேட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மறுபடியும் பாருங்கள். எவ்வளவு நகர்த்தினாலும் சரிவராத துப்பாக்கியை, யார் சிபாரிசு செய்தாலும், வாங்க வேண்டாம்.

எடை விஷயத்தில் விதி சொல்வது மேல் வரம்பை மட்டும்தான்: 5.5 கிலோ. பெரியவர்கள் எடைக்கட்டிகள் சேர்த்து அந்த வரம்பை நெருங்குவார்கள், கனம் கூடினால் ஆட்டம் குறையும் என்பதால். அதைப் பார்த்துவிட்டு 38 கிலோ பெண்ணின் கையில் ஐந்தரை கிலோவைக் கொடுப்பது கொடுமை. அவள் உடம்பில் ஏழில் ஒரு பங்கு அது. நான்கு கிலோவைச் சுற்றியுள்ள ஜூனியர் மாடல்கள் இருக்கின்றன. அதில் தொடங்கி, வயதும் பலமும் ஏற ஏற நூறு இருநூறு கிராமாகக் கட்டிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். மில்லிமீட்டர் கோடு போட்ட, திருகாணியால் நகரும் பாகங்கள் உள்ள ஸ்டாக்காகப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் அந்த அளவுகளை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பிள்ளை வளர்வது முதலில் அந்த நோட்டில்தான் தெரியும்.

ஆர்டர் கொடுக்கும் முன் இன்னொன்று. எந்தக் கண் ஓங்கிய கண்? இரண்டு கண்ணும் திறந்தபடி எதிர்ச்சுவரிலுள்ள சுவிட்சை விரலால் சுட்டச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் சுவிட்சைவிட்டு நகரவில்லையோ, அதுதான் ஓங்கிய கண். வலது கைக்காரிக்கு இடது கண் ஓங்கியிருந்தால், எந்தத் தோளில் பழகுவது என்று கோச் ஆரம்பத்திலேயே முடிவு செய்ய வேண்டும். இடது தோளுக்கு ஸ்டாக்கே வேறு. வாங்கிய பிறகு தெரிந்து பிரயோசனமில்லை.

இனி, சங்ககிரி மாதிரி லாரிப் பட்டறைகள் உள்ள ஊருக்கென்றே சொல்ல வேண்டிய ஒரு விஷயம். இதை உரக்கச் சொல்கிறேன். இன்றைய போட்டி ரைபிள்கள் அடைத்த காற்றால் இயங்குபவை. பேரலுக்குக் கீழே உள்ள சிறு சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்ப வேண்டும். டயர் கடை கம்ப்ரசர் பத்து பார் அளவில் நின்றுவிடும், அதனால் முடியாது. உடனே பட்டறைக்காரர் யாராவது, ‘கேஸ் கட்டிங் ஆக்சிஜன் சிலிண்டர்ல நல்ல பிரஷர் இருக்குதுங்களே’ என்பார். கூடவே கூடாது. எண்ணெய்ப் பசையோ கிரீஸோ துளி இருந்தால் போதும், உயர் அழுத்த ஆக்சிஜன் பட்டதும் அது தீப்பிடித்து வெடிக்கும். வெடிக்கிற இடம் பிள்ளையின் முகத்துக்கு ஒரு முழ தூரம். உலர்ந்த, சுத்தமான காற்று மட்டும்தான். கிளப்பில் நிரப்பிக்கொள்ளலாம், அல்லது இதற்கென்றே வரும் கைப்பம்ப் வாங்கிக்கொள்ளலாம்.

பழைய ரைபிள் வாங்குவதில் தப்பில்லை. நானே அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் பத்து ஆண்டுதான் அதன் ஆயுள். காலாவதியான சிலிண்டரோடு போட்டிக்குப் போகக் கூடாது. தேதியைக் கவனிக்கும் பொறுப்பு சுடுபவருடையது என்று சர்வதேச விதியே சொல்கிறது. சிலிண்டர் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பிறகு, உங்கள் பெண் பயன்படுத்தும் அதே பெல்லட்டைப் போட்டுக் கோச்சைச் சுடச் சொல்லுங்கள். பெல்லட் தலையின் விட்டம் 4.49, 4.50 என்று நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வரும். ஒவ்வொரு பேரலுக்கும் ஒத்துப்போவது வேறு வேறு.

பிராண்ட் முக்கியமாகும் இடம் ஒன்று உண்டு: ரிப்பேர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவின் ரைபிள் போட்டியன்று கீழே விழுந்து சைட் உடைந்தது. மாற்று சைட்டோடு சுட்டு நான்காவதாக வந்தார். பதக்கம் ஒரு படியில் போனது. டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கரின் பிஸ்டல் நடுவில் மக்கர் செய்து, போன நிமிடங்கள் போனவைதான். இறுதிச் சுற்று கிடைக்கவில்லை. உலகத் தரத்தில் உள்ளவர்களுக்கே இந்தக் கதி. சங்ககிரியில் ஒரு சீல் போனால், ஒரு ஸ்க்ரூ கழன்றால், யார் சரிசெய்வார்? அதனால் உங்கள் கோச்சும் கிளப்பும் என்ன பிராண்ட் வைத்திருக்கிறார்களோ, அதையே வாங்குங்கள். பாகம் கடன் கேட்கலாம், கை வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பார். எலக்ட்ரானிக் டிரிகர் இப்போதைக்கு வேண்டாம், மெக்கானிக்கல் போதும்.

சட்டம் பற்றிப் பலருக்குப் பயம். 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத, 20 ஜூல் சக்தியைத் தாண்டாத ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டியதில்லை. போட்டி ரைபிள் அதில் பாதிச் சக்தியைக்கூட எட்டாது. 50 மீட்டரில் சுடும் பாயின்ட் டூ டூவுக்கு லைசென்ஸ் கட்டாயம். எப்படியானாலும் பஸ்ஸில் போகும்போது பெட்டியில் பூட்டி, பில்லையும் கிளப் அடையாள அட்டையையும் கூடவே வைத்திருங்கள். சுடாத நேரமெல்லாம் பேரலில் பாதுகாப்புக் கொடி செருகியிருக்க வேண்டும். இதைப் பிள்ளைக்கு முதல் நாளே பழக்குங்கள்.

சரி, காசு. வெளிநாட்டு உயர்ரக ரைபிள் இரண்டு லட்சத்தைத் தாண்டும். அதோடு முடிவதில்லை. நாளுக்கு நூறு குண்டு, வாரம் ஐந்து நாள் என்றால், 500 பெல்லட் டப்பா ஒன்று வாரத்தில் காலி. ஆண்டுக்கு ஐம்பது டப்பா. ஜாக்கெட், பேண்ட், ஷூ, போட்டிப் பயணம் எல்லாம் தனி. ரைபிளுக்கே கையிருப்பு முழுவதையும் கொட்டிவிட்டுப் பெல்லட்டுக்குக் கணக்குப் பார்க்கும் வீடுகளை நான் அறிவேன். பிள்ளை சுடாமல் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கும். பெல்லட் ஈயம் என்பதால், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

என் தீர்ப்பு இது. முதல் வருடம் கிளப் ரைபிள். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஓப்பன் சைட் பிரிவு இருக்கிறது. உள்நாட்டு ரைபிளே அதற்குப் போதும். வீட்டில் தினம் அரைமணி குண்டில்லாப் பயிற்சி. ஐந்து மீட்டர் கூடம் இருந்தால் இலக்கைப் பாதி அளவில் அச்சடித்து ஒட்டிக்கொள்ளலாம். அறுபது குண்டுக்கு 600 என்ற எண் நிலையாக வரத் தொடங்கியதும் ஜூனியர் மாடல் ஒன்று, முடிந்தால் பழையதாக. பெரிய ரைபிள், வளர்த்தி நின்ற பிறகு.

கொங்குப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரு ஜூனியர் ரைபிள் வாங்கி உங்கள் கிளப்பில் போடுங்கள். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளைக்குப் பொருந்தும் ஸ்டாக், அவள் வளர்ந்ததும் அடுத்தவளுக்குப் பொருந்தும். ஏற்கெனவே வாங்கி, பிள்ளை வளர்ந்துவிட்டதால் பரணில் கிடக்கும் ரைபிள் உங்கள் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை இறக்கிக் கிளப்பில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

(அடுத்த வாரம்: ஜாக்கெட்)