நெற்பயிருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் வேண்டுமா?

மின்சார ரயிலில் தாம்பரம் செல்லும் உழவர்கள் 'சானடோரியம்' என்ற நிலையத்தை அறிவார்கள். 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்கென அங்கு நிறுவிய மருத்துவ இல்லமே அப்பெயருக்குக் காரணம். இன்று அது அரசு மருத்துவமனையாக இயங்கி வருகிறது. அதற்கும் நம் நெல் வயலுக்கும் ஒரு மருந்தின் வழியே தொடர்பு உண்டு.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் மண்வாழ் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாடிக் இதுவே. ஆனால் 1948-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இம்மருந்தை மட்டும் பெற்ற நோயாளிகள் பலரிடம் சில மாதங்களில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றின. கோடிக்கணக்கான கிருமிகளில் மருந்தைத் தாங்கும் சில இயல்பாகவே இருக்கும். மற்றவை மடிந்தபின் அவை பெருகும். ஒரே களைக்கொல்லியைத் தொடர்ந்து தெளித்தால் அதற்கு அடங்காத களை மிகுவதைப் போன்றதே இது. எனவேதான் காசநோய்க்குப் பல மருந்துகள் சேர்த்துத் தரப்படுகின்றன.

இதே மருந்து, டெட்ராசைக்ளினுடன் சேர்த்து, நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய்க்கும் தெளிக்கப்பட்டு வந்துள்ளது. வயலிலும் விதி ஒன்றே. கலிபோர்னியாவின் பேரித் தோட்டங்களில் 1970-களின் தொடக்கத்திலேயே இம்மருந்துக்கு அடங்காத கருகல் நோய்க் கிருமி தோன்றிவிட்டது. காசநோய்க் கிருமி தன் மரபணு மாற்றத்தாலேயே எதிர்ப்புப் பெறுகிறது. ஆனால் மண்ணிலும் சாணத்திலும் வாழும் பல நுண்ணுயிர்கள், எதிர்ப்புத் திறனைப் பிற இனக் கிருமிகளுக்கும் கொடுக்க வல்லவை. அவற்றுள் மனிதரைத் தாக்குபவையும் உண்டு. ஆகவே வேளாண்மையில் இவ்விரு மருந்துகளையும் தடை செய்ய மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது.

உழவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. நோய் எதிர்ப்புள்ள இரகங்களைத் தேர்ந்தெடுக்கவும்.

2. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளாதீர்கள். காயத்தின் வழியே கிருமி நுழையும்.

3. தழைச்சத்தை அளவோடு, பிரித்து இடவும்.

4. நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய விடாதீர்கள்.

5. நோய் தோன்றியதும், லிட்டருக்கு 20 கிராம் வீதம் புதுச் சாணத்தைக் கரைத்து, தெளியவைத்து வடிகட்டித் தெளிக்கவும். இரு வாரம் கழித்து மீண்டும் தெளிக்கவும்.

சாணக் கரைசலுக்குச் செலவு மிகக் குறைவு. பயனிழந்த மருந்தையோ எவ்வளவு பணம் கொடுத்தாலும் மீட்க இயலாது. வயலில் சிக்கனம் காட்டினால், நம் வீட்டுப் பிள்ளை மருத்துவமனையில் படுக்கும் நாளில் மருந்து கைகொடுக்கும்.