வெடிக்கும் எஞ்சினும் காக்கும் வேலியும்

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திற் குடியேறி வாழும் எமது பழைய மாணவர் ஒருவர், அண்மையிற் கைத்தொலைபேசி வழியாக எமக்கு ஓர் அசையும் படத்தை அனுப்பியிருந்தார். கோடை காலத்து மாலைப் பொழுது. கமக்காரர் கண்காட்சி நடைபெறும் ஒரு மைதானம். கொள்கலன் இழுக்கும் பெரும் லொறி ஒன்று, பின்னே பூட்டிய பாரத்தை இழுத்தவண்ணம் கரும்புகை கக்கி முன்னேறுகின்றது. முன்சில்லுகள் நிலத்தை விட்டுச் சிறிது மேலெழுகின்றன. கூட்டம் ஆரவாரிக்கின்றது.

திடீரென இடி விழுந்தாற் போன்ற ஓர் ஓசை. எஞ்சினின் அடியிலே தீ நாக்கு ஒன்று தோன்றி மறைகின்றது. எண்ணெய் மண்ணிற் கொட்டுகின்றது. லொறி நின்றுவிடுகின்றது. படம் பிடித்தவரின் அருகிலிருந்து ஒரு சிறுமி வீறிடும் குரல் கேட்கின்றது. அது மாணவரின் மகளின் குரல். சில கணங்களிற் சாரதி கதவைத் திறந்து இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையசைக்கின்றார். மக்கள் கைகொட்டுகின்றனர்.

படத்தின் கீழே மாணவர் எழுதியிருந்த வினா இது: “சேர், இவ்வளவு பெரிய எஞ்சின் சிதறியும் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இது அதிர்ஷ்டந்தானே?”

நாம் அவருக்கு எழுதிய விடையே இக்கட்டுரை. அதிர்ஷ்டம் அன்று என்பதே எமது விடையின் சுருக்கம். அத்தகைய எஞ்சின் ஒருநாள் உடைந்தே தீரும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, உடைந்த துண்டு எவரையும் தீண்டாதபடி இட்டுவைத்த வேலிகளே அன்று எல்லோரையும் காத்தன. அவ்வேலிகள் எவை என்பதை அறியுமுன், போட்டி எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

போட்டி பிறந்த கதை

உழவர் இருவர் சந்தித்தால், யாருடைய விலங்கு வலியது என்ற பேச்சு எழுவது எந்நாட்டுக்கும் பொது. அமெரிக்க உழவரிடையே அப்பேச்சு குதிரையைப் பற்றியது. களஞ்சியத்தின் கதவை நிலத்திற் கிடத்திக் குதிரையைப் பூட்டி, கதவின் மேல் ஆட்களை ஏற்றி இழுக்கவிட்டனர். உழவு இயந்திரம் வந்ததும் குதிரையின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. 1929 ஆம் ஆண்டில் மோட்டார் உழவு இயந்திரங்கள் இழுவைப் போட்டியில் இறங்கின என்பதற்குப் பதிவு உண்டு.

நெடுங்காலம் ஊருக்கொரு விதியாகவே போட்டிகள் நடந்தன. பாரத்தை ஏற்றும் முறைகூட ஆபத்தானது. ஓடுபாதையின் இரு மருங்கும் ஆட்கள் நிற்பர். சறுக்குப் பலகை தம்மைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக அதன் மீது ஏறிக்கொள்வர். இவ்வாறே பாரம் கூடிக்கொண்டு போகும். கால் தவறினால் என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. 1969 ஆம் ஆண்டில் எட்டு மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிப் பொதுவிதிகளை வகுத்துத் தேசிய உழவு இயந்திர இழுப்போர் சங்கத்தை நிறுவினர்.

மனிதர் ஏறிய இடத்திற் பின்னர் ஒரு பொறி வந்தது. இன்றைய சறுக்குவண்டியின் பின்புறம் சில்லுகளின் மீதும், முன்புறம் தட்டையான இரும்புத் தட்டின் மீதும் அமைந்துள்ளது. புறப்படும்போது பாரப்பெட்டி பின்சில்லுகளின் மேல் இருக்கும். வண்டி நகர நகரப் பெட்டி சங்கிலியால் இழுக்கப்பட்டு முன்னே ஏறும், இரும்புத் தட்டு மண்ணை மேலும் மேலும் அழுத்தும், உராய்வு கூடும். ஈற்றில் எத்தகைய எஞ்சினும் தளர்ந்து நிற்கவேண்டியதே. 300 அடி தூரம் இழுப்பது முழு இழுவை எனப் போற்றப்படுகின்றது. சறுக்குவண்டியின் நிறை 65,000 இறாத்தல், அதாவது 29 மெற்றிக் தொன் வரை செல்வதுண்டு. உழவு இயந்திரங்களைத் தொடர்ந்து கொள்கலன் லொறிகளும் இக்களத்தில் இறங்கின.

எஞ்சின் ஏன் உடைகின்றது?

அமெரிக்க நெடுஞ்சாலையில் ஓடும் சாதாரணக் கொள்கலன் லொறியின் எஞ்சின் 400 முதல் 600 பரிவலு வரை தரும். அவ்வளவைக் கொண்டே, சட்டம் அனுமதிக்கும் 80,000 இறாத்தல் மொத்த நிறையையும் அது பல இலட்சம் மைல்கள் இழுத்துச் செல்கின்றது. போட்டிக்கெனத் திருத்திய எஞ்சினிடம் 2,000 பரிவலுவுக்கு மேல் கேட்கப்படுகின்றது. நூறு அடிகளைக் கடக்கும் சில கணங்களுக்காக, ஓர் ஆயுட்காலத்து உழைப்பையே அதனிடமிருந்து பிழிந்தெடுக்கின்றனர் எனலாம்.

இவ்வலு எங்கிருந்து வருகின்றது? கூடிய எரிபொருளை எரிக்கக் கூடிய வளி வேண்டும். அதற்காக டர்போ எனப்படும் வளியூட்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. கடல் மட்டத்தில் வளியின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தலாகும். போட்டி எஞ்சினிலோ அதற்கு மேலாக 100 இறாத்தலுக்கும் அதிகமான அமுக்கத்துடன் வளி திணிக்கப்படுகின்றது. அவ்வளவு அமுக்கிய வளி கொதிப்பேறும். அதனைத் தணிக்கத் தண்ணீரைத் துளிகளாகத் தெளிப்பதும் உண்டு. தண்ணீர் தடைப்பட்டாலோ, எரிபொருள் அளவு மிஞ்சினாலோ, உருளைக்குள் வெப்பம் எல்லை கடக்கின்றது. பிஸ்டன் எனப்படும் முசலம் அலுமினியத்தால் ஆனதாயின், அவ்வுலோகம் உருகுவதற்கு 660 பாகை செல்சியசே போதும். முசலம் உருகித் துளைபட்ட எஞ்சின் அக்கணமே பாழ்.

இரண்டாவது பகை வேகம். எஞ்சின் ஒரு முறை சுழலும்போது ஒவ்வொரு முசலமும் மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் நின்று திரும்பவேண்டும். நிமிடத்துக்கு 2,000 சுழற்சியாயின் 4,000 தடவை நின்று திரும்புகின்றது. வேகத்தை இருமடங்காக்கினால் நின்று திரும்பும் தடவைகளும் இருமடங்காகும். ஆனால் ஒவ்வொரு தடவையும் இணைதண்டைப் பிடித்திழுக்கும் விசை இருமடங்கன்று, நான்கு மடங்காகும். வகுப்பறையிற் கரும்பலகையில் எழுதும்போது இவ்விதி சாதாரணமாகவே தோன்றும். களத்தில் இதுவே இணைதண்டை முறிக்கின்றது. முறிந்த தண்டின் அடிப்பகுதியைச் சுழல்தண்டு விட்டுவிடுவதில்லை; அதனைச் சம்மட்டி போற் சுழற்றி எஞ்சினின் பக்கச் சுவரை உடைத்து வெளியே எறிகின்றது. பின் சூடான எண்ணெய் கொட்டுகின்றது, தீ பற்றுகின்றது. எமது மாணவர் கண்ட காட்சி பெரும்பாலும் இதுவேயாகும்.

நிறுத்த முடியாத எஞ்சின்

இவையனைத்தினும் கொடியது ஒன்றுண்டு. பெற்றோல் எஞ்சினில் மின்பொறியை நிறுத்தினால் எஞ்சின் நின்றுவிடும். டீசல் எஞ்சினுக்கு மின்பொறியே கிடையாது. அமுக்கிய வளியின் வெப்பத்தாலேயே எரிபொருள் பற்றிக்கொள்கின்றது. ஆகவே அதனை நிறுத்த எரிபொருளைத் தடுப்பதே வழக்கம். ஆனால் வளியூட்டியின் எண்ணெய்க் காப்பு கிழிந்துவிட்டால், எஞ்சினை வழவழப்பாக்க ஊற்றிய எண்ணெயே வளியோடு உருளைக்குள் புகுந்து எரியத் தொடங்கும். அப்பொழுது சாரதி எரிபொருளை அடைத்தும் பயனில்லை. எஞ்சின் தன் இரத்தத்தைத் தானே குடித்து, வேகத்தை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டு, முறிந்து சிதறும்வரை ஓடும்.

இதற்கு மருந்து ஒன்றே: வளியை அடைப்பது. எரிபொருள் எதுவாயினும் வளியின்றி எரியாது. ஆதலின் வளி புகும் வாயிலிலே, வெட்டுக்கத்தி விழுவது போல விழுந்து மூடும் ஒரு தகடு பொருத்தப்படுகின்றது. சாரதி கைக்கெட்டும் தூரத்தில் அதனை இயக்கும் பிடி இருக்கும். அது மட்டுமன்று, வாகனத்தின் பின்புறத்திலிருந்து ஒரு கம்பி சறுக்குவண்டியோடு இணைக்கப்படுகின்றது. இழுக்கும் சங்கிலி அறுந்து லொறி விடுபட்டு ஓடினால், அக்கம்பி இழுபட்டுத் தானாகவே எஞ்சினை நிறுத்திவிடும். சாரதி மயங்கிக் கிடந்தாலும் எஞ்சின் நிற்கும்.

எமது கோயில்களிலே தேர் இழுக்கும் நாளில், வடம் பிடிப்போர் பல நூறு பேர். சில்லுக்கு முட்டுக்கட்டை இடுவோர் சிலரே. காண்போர் கண்கள் வடத்தின் மீதே இருக்கும். ஆயினும் தேர் எவரையும் தீண்டாது இருப்பிடம் வந்து சேர்வது அந்தச் சிலராலேயே என்பதை நாம் அறிவோம். லொறிக்களத்தில் இக்கம்பியும் தகடும் அம்முட்டுக்கட்டையின் தொழிலையே செய்கின்றன.

உடைந்தாலும் பறவாதபடி

நிறுத்தும் முன்னரே உடைந்துவிட்டால்? அதற்கும் காவல் உண்டு. எஞ்சினின் இரு பக்கங்களிலும் உலோகக் கேடயங்கள் பூட்டப்படுகின்றன. இழுவைப் போட்டியின் பல பிரிவுகளில் எஞ்சினின் உடலையும் தலைப்பாகத்தையும் சேர்த்து உருக்கு வடத்தாற் சுற்றிக் கட்டும் வழக்கமும் இருக்கின்றது. வெடிப்பினால் தலைப்பாகம் பெயர்ந்தாலும் அவ்வடம் அதனைப் பறக்கவிடாது.

வளியூட்டியின் சில்லு நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. அது சிதறினால் துண்டுகள் புகைக்குழாய் வழியே துப்பாக்கிக் குண்டு போல மேலே பாயும். ஆகவே குழாயின் உள்ளே இரண்டு உருக்கு ஆணிகள் சிலுவை வடிவிற் குறுக்கே செலுத்தப்படுகின்றன. புகை போகும், இரும்பு போகாது. எஞ்சினின் பின்னேயுள்ள கனத்த சுழல்சில்லையும் கிளச்சையும் சுற்றி வலிய உறையும், சில்லுகளுக்கு வலுவைக் கொண்டுசெல்லும் தண்டைச் சுற்றி உருக்கு வளையங்களும் அமைக்கப்படுகின்றன. சாரதி தீயை எதிர்க்கும் உடையும் தலைக்கவசமும் அணிந்து, பட்டியாற் கட்டுண்டு, தீயணைப்பான் அருகிருக்க அமர்கின்றார். மத்தியஸ்தர் செங்கொடி காட்டினால், வெற்றி ஓர் அடி தூரத்தில் இருந்தாலும் அவர் நிறுத்தியே ஆகவேண்டும்.

வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். இக்காவல்களுள் எதுவும் எஞ்சின் உடைவதைத் தடுக்கவில்லை. அவை உடைவை ஏற்றுக்கொண்டு, அதன் விளைவை எஞ்சினோடு முடித்துவிடுகின்றன. “எமது வேலை திறமானது, இது உடையாது” என்று எண்ணுபவன் கேடயத்தைப் பாரமென்று கழற்றிவிடுவான். “என் கையாற் செய்ததும் உடையலாம்” என்று எண்ணுபவனே கேடயம் பூட்டுவான். தன் திறமையில் அளவோடு ஐயங்கொள்ளும் அப்பணிவே இங்கு உயிர் காக்கும் அறிவாகின்றது.

இடைவெளி என்னும் வேலி

வாகனத்திற் பூட்டிய காவல் மட்டும் போதாது. 2014 ஆம் ஆண்டு செப்டெம்பர் 28 ஆம் திகதி நெதர்லாந்து நாட்டின் ஹாக்ஸ்பேர்கன் என்னும் ஊரில், இராட்சதச் சில்லு பூட்டிய வாகனம் ஒன்று பழைய கார்களின் மீது ஏறிக்காட்டும் வேடிக்கை நடைபெற்றது. அவ்வாகனம் நிற்காது பார்வையாளர் கூட்டத்திற் புகுந்தது. மூவர் மாண்டனர், பலர் காயமுற்றனர். அது இழுவைப் போட்டியன்று. வேறு வகைக் காட்சி. ஆயினும் அது கற்பித்த பாடம் பொதுவானது. அந்நாட்டுப் பாதுகாப்பு விசாரணைச் சபை, காட்சியை நடத்தியோரும் அனுமதி வழங்கிய நகராட்சியும் ஆபத்தைப் போதிய அளவு ஆராயவில்லை என்று முடிவு கண்டது.

மக்கள் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பதும் ஒரு பொறியியலே. தடுப்புச் சுவர் சிறிது தூரம் தள்ளியிருப்பதால் எவரும் காட்சியை இழப்பதில்லை. அருகில் நின்றால் நன்றாகத் தெரியும் என்பது மெய்தான்; அருகில் நின்றவரே முதலில் அடிபடுவர் என்பதும் அதேயளவு மெய்.

எனவே எமது மாணவருக்கு நாம் எழுதி முடித்தது பின்வருமாறு: “தம்பி, அடுத்த ஆண்டும் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள், தடை சொல்லோம். ஆனால் ஓடுபாதையின் முடிவுக்கு நேரெதிரே அமராதீர்கள். எஞ்சின் முடுக்கப்படும் இடத்துக்குப் படம் பிடிக்கப் போகாதீர்கள். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். சாரதி இறங்கிக் கையசைக்கும்போது, மகளுக்கு அந்தக் கேடயத்தையும் பின்னே தொங்கும் கம்பியையும் காட்டுங்கள். அன்று அவள் வீறிட்டாள். ஏன் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை அறிந்தால், அச்சம் போய் அறிவு நிற்கும்.”

இரண்டு நாட்களின் பின் மறுமொழி வந்தது. மகள் ஒரு வினா கேட்டாளாம்: “அந்தக் கம்பியைக் கட்ட மறந்துவிட்டால் என்ன செய்வார்கள்?” எமது மாணவர் விசாரித்து அறிந்து சொன்ன விடை: “கட்டினார்களா என்று ஒருவர் பார்த்த பின்புதான் பச்சைக்கொடி காட்டுவார்கள்.” வேலியைப் போட்டால் மட்டும் போதாது, போட்டிருக்கின்றதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கும் ஒரு கண்ணும் வேண்டும். அப்பிள்ளையின் வினாவுக்கு நாம் முழுப்புள்ளியும் இட்டோம்.