ஒரு கிழங்கு, 1,850 பவுண்டு: பிரிட்டனை ஆட்டிவைக்கும் ஸ்னோடிராப் மோகம்

சின்ன வெங்காயம் அளவுக்கு ஒரு கிழங்கு. அதிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு தண்டு. தண்டின் நுனியில் தலைகுனிந்து தொங்கும் ஒரே ஒரு பூ. 2022 பிப்ரவரியில் இபே இணையத்தளத்தில் இதற்குக் கிடைத்த ஏலத்தொகை 1,850 பவுண்டு. நம் கணக்கில் 3,000 வெள்ளிக்கும் மேல்.

நீங்கள் தவறாகப் படிக்கவில்லை. மூட்டை இல்லை, தொட்டி இல்லை, ஒரே கிழங்குதான்.

பூவின் பெயர் ஸ்னோடிராப். அப்படியே தமிழாக்கினால் 'பனித்துளி' ஆகிவிடும். நமக்கோ பனித்துளி என்றால் புல் நுனியில் நிற்கும் நீர். அதனால் ஆங்கிலப் பெயரையே வைத்துக்கொள்வோம். அந்த 'டிராப்' துளியே இல்லை, அந்தக் காலத்துப் பெண்கள் காதில் போட்ட தொங்கட்டான்தான் என்று ஒரு விளக்கம் உண்டு. பூவின் படத்தைப் பாருங்கள், நம்பத் தோன்றும். தாவரவியல் பெயர் கலாந்தஸ். கிரேக்க மொழியில் பால், பூ என்னும் இரு சொற்கள் சேர்ந்தது.

பிரிட்டனில் ஜனவரி, பிப்ரவரி என்றால் தோட்டத்தில் ஈர மண்ணும் மொட்டை மரமும்தான். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. அந்த நேரத்தில் முதலில் தலைகாட்டும் பூக்களில் இதுவும் ஒன்று. இலையின் நுனி கெட்டியாக இருப்பதால் உறைந்த மண்ணையும் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். குளிர்காலம் முடியப்போகிறது என்பதற்கு அங்குள்ளவர்களுக்கு இதுதான் அடையாளம். ஆனால், பிரிட்டனின் சொந்தப் பூ என்று பலர் நினைக்கும் இது வெளியிலிருந்து வந்தது. ஐரோப்பாவின் மற்ற பகுதிகள், துருக்கி, காக்கசஸ் மலைப்பகுதி ஆகியவைதான் இதன் தாயகம்.

எல்லாம் வெள்ளைதானே, என்ன வித்தியாசம்?

இந்தக் கட்டுரைக்காக ஐந்தாறு ரகங்களின் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. பிறகுதான் கண் பழகியது.

வெளியே மூன்று நீண்ட வெள்ளை இதழ்கள். உள்ளே மூன்று குட்டி இதழ்கள். அந்தக் குட்டி இதழ்களில் பச்சை மையில் தொட்டு வைத்ததுபோல ஓர் அடையாளம். ஆட்டமெல்லாம் அங்கேதான். 'கிரம்பி' என்ற ரகத்தில் அந்தப் பச்சைக் குறி இரண்டு கண்ணும் கீழ்நோக்கி வளைந்த வாயுமாக, சரியான சிடுமூஞ்சி போல இருக்கும். 'டிகரி'யின் வெளி இதழ்கள் உப்பிச் சுருங்கிக் காகித விளக்கை நினைவூட்டும். 'டிரிம்' ரகத்தில் உள்ளே இருக்கவேண்டிய பச்சை, வெளி இதழுக்கே வந்துவிட்டது. 'வெண்டிஸ் கோல்டு' ரகத்தில் பச்சை இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள். கேம்பிரிட்ஜ் அருகே வாண்டில்பரியில் 1970களில் கண்டெடுக்கப்பட்டது.

காட்டு இனங்கள் ஏறத்தாழ இருபதுதான். ஆனால் பெயரிடப்பட்ட தோட்ட ரகங்கள் 2,000ஐத் தாண்டும். சில ரகங்களுக்கு இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டர் பச்சைதான். "இதுக்குப் போயா இவ்ளோ?" என்று கேட்கத் தோன்றினால், கோவிட் காலத்தில் இலையில் வெள்ளைத் திட்டு விழுந்த மொன்ஸ்டெரா செடிக்கு மக்கள் கொடுத்த விலையை நினைத்துப் பாருங்கள்.

விலை ஏன் இப்படி ஏறுகிறது?

முக்கியக் காரணம், செடி மெதுவாகப் பெருகுவது. நன்றாக வளரும் கிழங்கு ஓராண்டில் ஒன்று இரண்டாகும், அவ்வளவுதான். விதை போட்டு வளர்த்தால் பூ பார்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். அந்தப் பூவும் தாய்ச்செடி மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. பிரிட்டனில் 'மிஸ்டர் ஸ்னோடிராப்' என்று அழைக்கப்படும் ஜோ ஷார்மன், 'கோல்டன் ஃபிளீஸ்' என்ற மஞ்சள் ரகத்தை உருவாக்கப் 18 ஆண்டுகள் உழைத்தார். 2015ல் அதன் ஒரு கிழங்கு 1,390 பவுண்டுக்குப் போனது. முதலில் சொன்ன 1,850 பவுண்டுச் செடியும் அவருடையதுதான். பெயர் 'கோல்டன் டியர்ஸ்'.

வேகமாகப் பெருக்க ஒரு வழி உண்டு. வெங்காயத்தை நறுக்குவதுபோல் கிழங்கை நெடுக்குவாட்டில் துண்டு போட்டு, ஏடுகளை இரண்டிரண்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு துண்டிலும் வேர் முளைக்கும் அடிப்பகுதியில் கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும். சுத்தமான கத்தி, ஈரம் குறைந்த வெர்மிகுலைட், மூடிய பிளாஸ்டிக் பை, இருட்டான இடம். சில வாரங்களில் துண்டுகளில் குட்டிக் கிழங்குகள் முளைக்கும். ஒன்றிலிருந்து இருபது, முப்பது கிடைக்கலாம். ஆனால் அவை பூக்க மேலும் மூன்று, நான்கு ஆண்டுகள். கத்தி சுத்தமில்லையென்றால் பூஞ்சை வந்து மொத்தமும் போச்சு. 1,000 பவுண்டு கொடுத்து வாங்கிய ஒரே கிழங்கை நறுக்கக் கை எப்படி நடுங்கும், யோசித்துப் பாருங்கள்!

அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் அரிய ரகத்தைத் தாங்களே பொத்தி வைத்துக்கொள்வதில்லை. இரண்டு மூன்று நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் தோட்டத்தில் நோய் வந்து அழிந்தாலும் நண்பர் தோட்டத்தில் ஒன்று இருக்கும் அல்லவா?

பெயர்ப் பலகையைப் பார்க்கும் திருடர்கள்

விலை ஏறினால் திருட்டும் வரும். அரிய ரகத்தின் முன்னால் பெயர்ப்பலகை வைப்பது திருடனுக்கு வழிகாட்டுவதுபோல. சில தோட்டங்களில் பெயர் வைப்பதில்லை. சிலர் விலையுயர்ந்த செடிகளைப் பார்வையாளர் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறார்கள்.

எனக்கு உறுத்தியது வேறொரு விஷயம். 2012ல் 725 பவுண்டுக்கு விற்று அப்போது சாதனை படைத்த 'எலிசபெத் ஹாரிசன்', ஸ்காட்லந்துத் தோட்டம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அது கலாந்தஸ் வொரொனோவி என்ற இனத்தைச் சேர்ந்தது. அதே இனத்தின் சாதாரணக் கிழங்குகள் ஜார்ஜியா நாட்டில் மில்லியன் கணக்கில் தோண்டப்பட்டு ஐரோப்பியச் சந்தைக்குப் போகின்றன. கடையில் பொட்டலமாக, மலிவு விலையில். ஒன்றுக்கு மஞ்சள் அடையாளம் இருப்பதால் பாதுகாப்பு. மற்றதற்கு அடையாளம் வழக்கமான பச்சை என்பதால் மண்வெட்டி.

இதைக் கட்டுப்படுத்தவே ஸ்னோடிராப் இனங்கள் அனைத்தும் சைட்டிஸ் என்ற அனைத்துலக ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. ஏற்றுமதிக்கு அனுமதிச் சான்று வேண்டும், அளவுக்கு வரம்பும் உண்டு. சிங்கப்பூரும் அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆகவே லண்டனில் படிக்கும் அண்ணனிடம் "ரெண்டு கிழங்கு பையில போட்டுக் கொண்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தக் காட்டுக் கிழங்கு சாதாரணமானதும் இல்லை. 1950களில் சோவியத் விஞ்ஞானிகள் அதிலிருந்துதான் கலண்டமின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அது அல்ஸைமர் நோயாளிகளுக்குத் தரப்படும் மருந்து. இப்போது அதை ஆய்வுக்கூடத்திலும் டாஃபடில் செடிகளிலிருந்தும் தயாரிக்கிறார்கள். ஆனால், கிழங்கை நேரடியாகத் தின்றால் நஞ்சு. வெங்காயம் என்று நினைத்துச் சமைத்துவிடக் கூடாது.

இங்கே வளர்க்க முடியுமா?

நம் வெப்பத்துக்கு வாய்ப்பில்லை. பூக்க வேண்டுமென்றால் மண்ணுக்குள் பல வாரம் குளிர் வேண்டும். பிரிட்டனில் படிக்கவோ வேலைக்கோ போயிருப்பவர்கள் தாராளமாக முயலலாம். காய்ந்த கிழங்கை வாங்குவதைவிட, பூத்து முடித்து இலை பச்சையாக இருக்கும்போதே வாங்கி நடுவது நல்லது. இலையுதிர் மரத்தடி ஏற்ற இடம். குளிர்காலத்தில் வெயில் இறங்கும், கோடையில் நிழல் கிடைக்கும். வாங்கும்போது காட்டிலிருந்து தோண்டியதா, தோட்டத்தில் வளர்த்ததா என்று கேளுங்கள்.

பார்க்க மட்டும் ஆசை என்றால் பிப்ரவரியில் பல தோட்டங்கள் இதற்காகவே திறக்கின்றன. அரிய ரகங்களுக்குக் கேம்பிரிட்ஜ்ஷியரின் ஆங்கில்சி ஆபி, கிளாஸ்டர்ஷியரின் கோல்ஸ்போர்ன் பார்க். காடு முழுக்க வெள்ளையாக விரிந்திருப்பதைப் பார்க்க பெர்க்‌ஷியரின் வெல்ஃபர்ட் பார்க். 'பிரிட்டிஷ் பேக் ஆஃப்' நிகழ்ச்சியின் கூடாரத்தை டிவியில் பார்த்திருப்பீர்களே, அதே இடம்தான்.

காலையில் போனால் கடும் உறைபனியில் பூக்களெல்லாம் தரையில் சாய்ந்து கிடக்கலாம். செத்துவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். பனி உருகியதும் தானாக நிமிரும். வெயில் வந்து பத்து டிகிரியைத் தொட்டால் வெளி இதழ்கள் விரியும். அப்போது மண்டியிட்டு, ஒரு விரலால் பூவை மெல்ல நிமிர்த்தி உள்ளே பாருங்கள். அது 'எஸ். ஆர்னட்' ரகமாக இருந்தால் தேன் வாசமும் வரும்.