மஞ்சள் விளக்கு எரிந்தால்...

இரவு வேலைக்குப் போகும் எம்மவருக்குக் கார் ஆடம்பரப் பொருள் அல்ல. எங்கள் தொழிற்சாலைப் பக்கம் நள்ளிரவில் பஸ் இல்லை. நாங்கள் நால்வர் ஒரே காரில் போய் வருகிறோம். அந்தக் கார் நின்றால் நான்கு வீட்டு அடுப்பும் யோசிக்கும்.

கடந்த பனிக்காலத்தில் எங்கள் 2003ஆம் ஆண்டுக் காரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. கராஜ் ஒன்றில் காட்டினோம். ஒட்சிசன் சென்சர் பழுது என்று மாற்றிவிட்டார்கள். பங்கு போட்டுக் காசு கட்டினோம். இரண்டு கிழமையில் விளக்கு மறுபடி எரிந்தது.

அதன் பிறகுதான் சிறிய ஸ்கானர் ஒன்றை வாங்கினோம். கனடாவில் 1998ஆம் ஆண்டு மொடல் தொடக்கம் வந்த கார்களில், ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளைகள் கொண்ட சொருகி இருக்கும். அமெரிக்கக் கார்களில் இது 1996இலேயே வந்துவிட்டது. அதற்கு முந்திய கார்களில் கொம்பனிக்குக் கொம்பனி சொருகி வேறு. இந்த ஸ்கானர் அவற்றுக்கு உதவாது.

ஸ்கானரைச் சொருகி, எஞ்சினை இயக்காமல் திறப்பை 'ஒன்' நிலைக்குத் திருப்பினோம். 'பி0171' என்று வந்தது. எஞ்சினுக்குள் பெற்றோலின் அளவுக்கு மேல் காற்றுப் போகிறது என்பதே இதன் பொருள். எந்தப் பாகத்தை மாற்றவேண்டும் என்று அது சொல்லவில்லை. காற்றுக்குழாய் வெடித்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சரில் அழுக்குப் படிந்திருக்கலாம், பெற்றோல் பம்ப் பலவீனமாகியிருக்கலாம்.

பிறகு எஞ்சினை இயக்கி, எரிபொருள் திருத்த அளவைப் பார்த்தோம். கார் நின்றபடி ஓடும்போது 22 வீதம் கூடுதல் பெற்றோல் கேட்டது. வேகத்தைக் கூட்டியதும் 6 வீதமாக இறங்கியது. வெளியிலிருந்து காற்று கசிந்து உள்ளே போனால் இப்படித்தான் இருக்கும். தேடிப் பார்த்தால், வெடித்த ஒரு சிறிய இறப்பர் குழாய்! சில டொலர்களுடன் வேலை முடிந்தது. பாவம், பழைய சென்சர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

புதிதாக வந்து பழைய கார் வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். விற்பவர் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்திருக்கலாம். ஸ்கானரில் 'ரெடினஸ்' பகுதியைப் பாருங்கள். பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், அண்மையில் குறியீட்டை அழித்திருக்கிறார்கள் அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓடிய பின் மறுபடி பார்க்கக் கேளுங்கள். மலிவான ஸ்கானர் பிரேக், ரயர், துரு ஆகியவற்றைச் சொல்லாது. அவற்றை மெக்கானிக்தான் பார்க்கவேண்டும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தாமதிக்காதீர்கள். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போய், விலைகூடிய கற்றலிற்றிக் கொன்வேட்டரைக் கெடுத்துவிடும். வேகத்தைக் குறைத்துப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்.

குறியீட்டை அழிக்கும் முன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போங்கள். "பாகத்தை மாற்ற முன் எதைச் சோதித்தீர்கள்?" என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினாலும் பரவாயில்லை. தாளில் உள்ள அந்த ஐந்து எழுத்து அவர்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுதான்.