கச்சா எண்ணெய் கீழ்பென்னாத்தூர் வந்து சேரும் வழி

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைப் பிடுங்கி, காயவைத்து, உடைத்துப் பருப்பெடுத்த பிறகு எங்கள் ஊர்க்காரர் செக்குக்குப் போய் முதலில் கேட்பது இதுதான்: "ஒரு தடவைக்கு எவ்வளவு பருப்பு பிடிக்கும்ணே?" செக்குக்காரர் பருப்பின் கணக்கைத்தான் சொல்வார். எண்ணெய் எவ்வளவு நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். அது பருப்பின் முற்றலையும் காய்ச்சலையும் பொறுத்தது. நூறு கிலோ பருப்புக்கு நாற்பது கிலோவைத் தாண்டி எண்ணெய் நின்றால் நல்ல பருப்பு. மீதியெல்லாம் புண்ணாக்கு, அதுவும் வீட்டு மாட்டுக்கு வேண்டியதுதான்.

பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலைகளின் திறனைப் பற்றிச் செய்தித்தாளில் வரும் எண்களையும் இப்படித்தான் படிக்க வேண்டும். ஆலையின் முதல் கோபுரம் எவ்வளவு கச்சா எண்ணெயை உள்ளே வாங்கும் என்பதையே அந்த எண் சொல்கிறது. வெளியே என்ன வரும் என்பது தனிக்கதை. திண்டிவனம் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி ஐந்து லிட்டர் டீசல் வாங்குகிறவருக்கு அந்தத் தனிக்கதைதான் முக்கியம் என்பது என் எண்ணம். அதனால் கதையைக் கப்பலிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ்நாட்டின் பெரிய ஆலை சென்னைக்கு வடக்கே மணலியில் இருக்கிறது. 1965-ல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கியபோது இந்திய அரசுக்கு 74 விழுக்காடு பங்கு. அமெரிக்காவின் அமோகோவுக்கும் இரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கும் தலா 13. ஆலையை 27 மாதங்களில், 43 கோடி ரூபாயில் கட்டி முடித்து 1969-ல் ஓட்டினார்கள். அப்போது ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று சென்னை பெட்ரோலியம் என்ற பெயரில், 1 கோடியே 5 லட்சம் டன்.

இந்த எண்ணைக் கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருக்கிப் பார்க்கலாம். ஒரு டன் கச்சா எண்ணெய் சுமார் 7.3 பீப்பாய், ஒரு பீப்பாய் 159 லிட்டர். அப்படியானால் மணலியின் வாய்க்குள் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,10,000 பீப்பாய் போகும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் ஏற்றினால் 2,780 லாரி. தினமும்.

எண்ணெய்க் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் பாரதி கப்பல்துறையில் வந்து நிற்கிறது. அங்கிருந்து நிலத்தடிக் குழாய் வழியாக மணலியின் பெரிய தொட்டிகளுக்கு எண்ணெய் போகிறது. தொட்டியில் அதை அசையாமல் விடுவார்கள். கூட வந்த தண்ணீரும் சேறும் அடியில் தங்கும். மாதிரி எடுத்து அடர்த்தியும் கந்தகமும் பார்ப்பார்கள். ஒரு வயலின் எண்ணெய் தேநீர் நிறத்தில் நீர்த்து ஓடும், இன்னொன்று கூழ்போல் கறுத்துக் கிடக்கும். எதோடு எதைக் கலந்து உள்ளே விடுவது என்று முடிவெடுப்பதிலேயே பாதி லாபநட்டம் அடங்கியிருக்கிறது.

அடுத்தது உப்பு நீக்குவது. வெளியாட்கள் அதிகம் பேசாத வேலை, ஆனால் இதில் கவனம் தப்பினால் ஆலையே அரித்துப்போகும். கச்சா எண்ணெயோடு பூமிக்கடியிலிருந்து உப்புநீரும் நுண்துளிகளாக வருகிறது. அந்த உப்பு சூடேறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி இரும்பைத் தின்னும். அதனால் எண்ணெயை 120, 130 டிகிரிக்குச் சூடாக்கி, நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் நல்ல தண்ணீரைக் கலந்து, உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கு நடுவே விடுவார்கள். உப்பைக் கரைத்துக்கொண்ட துளிகள் மின்புலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்து அடியில் இறங்கிவிடும். அரிசி களைவதுபோல எண்ணெயைக் களைகிறார்கள்.

களைந்த எண்ணெய் நேரே உலைக்குப் போவதில்லை. கோபுரத்திலிருந்து சூடாக வெளிவரும் மண்ணெண்ணெய், டீசல், கசடு ஆகியவற்றின் குழாய்களை உரசிக்கொண்டு போய், அவற்றின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. எரிபொருளில் பெரும்பங்கை இந்த ஏற்பாடு மிச்சப்படுத்துகிறது. கடைசியாக உலைக் குழாய்களில் 360 டிகிரி வரை ஏற்றுவார்கள். அதற்கு மேல் போனால் எண்ணெய் குழாய்க்குள்ளேயே கருகிப் படியும்.

இனி கோபுரம். திருவண்ணாமலை ராஜகோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. அங்கே பதினோரு நிலைகள். இங்கே உள்ளே முப்பது, நாற்பது தட்டுகள். அடியில் சூடு அதிகம், மேலே போகப்போகக் குறைவு. பாதி ஆவியும் பாதி திரவமுமாக எண்ணெய் கீழ்ப்பகுதியில் நுழைகிறது. ஆவி மேலேறுகிறது, ஒவ்வொரு பொருளும் தன் கொதிநிலைக்கு ஏற்ற தட்டில் குளிர்ந்து சொட்டுகிறது. உச்சியில் சமையல் எரிவாயுவும் நாப்தாவும். அதற்குக் கீழே சுமார் 150 முதல் 250 டிகிரி வரை கொதிக்கும் மண்ணெண்ணெய். விமான எரிபொருளும் இதே தட்டுதான். அதற்கும் கீழே டீசல். ஒவ்வொரு தட்டிலும் மேலேறும் ஆவியும் கீழிறங்கும் திரவமும் உரசி மறுபடி மறுபடி பிரிகின்றன. ஒரே தடவை காய்ச்சி வடித்தால் இவ்வளவு துப்புரவாகப் பிரியாது.

அடியில் கொதிக்காமல் தங்குகிறதே, அந்தக் கறுப்புக் கசடு, அதுதான் ஆலையின் சோதனை. கனமான எண்ணெயாக இருந்தால் உள்ளே போனதில் பாதிவரை அடியிலேயே நின்றுவிடும். மேலும் சூடேற்றவும் முடியாது, கருகும். அதனால் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். உயர்ந்த மலைமேல் உலைநீர் 100 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும் அல்லவா, அதே விதி. இரண்டாவது கோபுரத்தில் நீராவியைப் பாய்ச்சிக் காற்றை உறிஞ்சி, உள்ளழுத்தத்தை நம் காற்றழுத்தத்தின் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோகிறார்கள். கொதிக்காதது கொதித்து எழும்புகிறது. அதில் ஒரு பகுதியிலிருந்துதான் என்ஜின் ஆயிலின் மூலப்பொருளும் மெழுகும் கிடைக்கின்றன. மணலியில் இரண்டும் உண்டு. அப்போதும் எழும்பாத கடைசிக் கசடுதான் சாலைக்குப் போடும் தார்.

ஆனால் நாட்டுக்கு அவ்வளவு தார் வேண்டாம், டீசல்தான் வேண்டும். பெரிய மூலக்கூறுகளை உடைக்க வேண்டும். மூன்று வழிகள் உண்டு. மாவுபோன்ற வினையூக்கியோடு 500 டிகிரிக்கு மேல் சில நொடிகள் மட்டும் சேர விட்டு உடைப்பது ஒன்று. அந்த மாவின்மேல் படியும் கரியை அடுத்த கலத்தில் எரித்து, அந்தச் சூட்டையே திரும்பப் பயன்படுத்துகிறார்கள். நூறு மடங்கு காற்றழுத்தத்தையும் தாண்டி ஹைட்ரஜனைச் செலுத்தி உடைப்பது இன்னொன்று. நல்ல டீசல் இதில் கிடைக்கும். மூன்றாவது, கடைசிக் கசடையும் விடாமல் உயரமான உருளைக்குள் சூடாக நிரப்பி, தானே வெந்து உடைய விடுவது. ஆவியானது டீசல் பக்கம் போகும். உருளைக்குள் கல்போல இறுகுவது பெட்கோக் என்ற கரி. இரண்டு உருளைகள் மாறிமாறி ஓடும். ஒன்று நிரம்பும்போது மற்றதன் மூடிகளைத் திறந்து, கத்திபோலப் பாயும் நீர்த்தாரையால் கரியை வெட்டிக் கீழே தள்ளுவார்கள். செக்கைச் சுரண்டிப் புண்ணாக்கு எடுக்கிற வேலைதான், பத்து மாடி உயரத்தில்.

கசடை எவ்வளவு செரிக்கிறது என்பதை வைத்து ஆலைகளை மதிப்பிட வில்பர் நெல்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1960-களில் ஒரு குறியீடு தந்தார். வெறும் முதல் கோபுரத்துக்கு மதிப்பு 1. குஜராத்தின் ஜாம்நகர் 21-ஐத் தொடுகிறது. 1999-லும் 2008-லும் அருகருகே எழுந்த இரு ஆலைகளும் சேர்ந்து நாளொன்றுக்கு 12 லட்சம் பீப்பாய்க்கு மேல். உலகில் ஒரே இடத்தில் இவ்வளவு திறன் வேறெங்கும் இல்லை. எண்ணெய் வளமே இல்லாத தென்கொரியா, உல்சானில் 8.4 லட்சம் பீப்பாய் ஆலை வைத்திருக்கிறது. எண்ணெய் வளம் மிகுந்த நைஜீரியாவோ பெட்ரோலை வெகுகாலம் இறக்குமதி செய்து, லாகோஸ் அருகே 6.5 லட்சம் பீப்பாய் டாங்கோட்டே ஆலை 2024-ல் ஓடத் தொடங்கிய பிறகே நிலைமையை மாற்றத் தொடங்கியிருக்கிறது.

வாய் இருந்தும் உணவில்லாமல் நின்ற ஆலைகளும் உண்டு. வெனிசுவேலாவின் பரகுவானா காகிதத்தில் 9 லட்சம் பீப்பாயைத் தாண்டும். ஓடுவது பல ஆண்டுகளாக அதில் சிறு பங்குதான். மணலி ஓடத் தொடங்கிய அதே 1969-ல் இலங்கையின் சப்புகஸ்கந்த ஆலையும் ஓடத் தொடங்கியது. 2021 நவம்பரில் கச்சா எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல் அதை மூட வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு அங்கே பங்க் வாசலில் நாள்கணக்கில் நின்ற ஆட்டோக்களின் வரிசையை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதற்கு முன்பே அந்த வரிசை ஆலைக்குள் தொடங்கிவிட்டிருந்தது. நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993-ல் தொடங்கி, பக்கத்து நரிமணம் வயலின் எண்ணெயை நம்பியிருந்த சிறு ஆலை 2019-ல் நின்றது. அதன் இடத்தில் 90 லட்சம் டன் ஆலை திட்டமிடப்பட்டிருக்கிறது.

மணலிக்குத் திரும்புகிறேன். கோபுரத்திலிருந்து வந்த நாப்தாவை அப்படியே வண்டிக்கு ஊற்ற முடியாது, என்ஜின் தட்டும். பிளாட்டினம் கலந்த வினையூக்கியின் மேல் 500 டிகிரியில் விட்டால் மூலக்கூறுகள் வளையமாகி ஆக்டேன் ஏறும், கூடவே ஹைட்ரஜன் விடுபடும். அந்த ஹைட்ரஜன் டீசலில் உள்ள கந்தகத்தைப் பிடித்து இழுக்கப் பயன்படுகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்து பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்கு முன் ஐம்பது. பிரித்தெடுத்த கந்தகம் மஞ்சள் நிறத்தில் கட்டியாகிறது. உலகில் கந்தக அமிலத்துக்குப் பெரும்பாலும் இப்படி எண்ணெயிலும் எரிவாயுவிலும் எடுத்த கந்தகம்தான். அந்த அமிலத்தில்தான் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்கிறார்கள். மல்லாட்டைக்கு அடியுரமாக நாம் போடுகிற மூட்டைக்கும் எண்ணெய் ஆலைக்கும் இப்படி ஒரு உறவு இருப்பது தெரிந்த நாளிலிருந்து, அந்தச் சாம்பல் நிற மூட்டையை நான் வேறு கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இந்த வேலைகளுக்கெல்லாம் பக்கத்தில் வாழ்கிறவர்கள் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் எழுதாமல் போக முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் போய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. மீனவர்கள் படகிலிருந்து குவளைகளால் அதை அள்ளினார்கள். வலையும் படகும் உடம்பும் கறுத்துப்போயின. ஆலையின் திறனைக் கணக்கிடும்போது, சிந்தினால் அள்ளும் திறனையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஆலையிலிருந்து லாரியிலும் குழாயிலும் எண்ணெய் கிளம்புகிறது. மணலியிலிருந்து திருச்சி, மதுரை பக்கம் போகும் குழாய் உளுந்தூர்பேட்டை அருகே ஆசனூர் முனையத்தையும் தொடுகிறது. முனையத்தில்தான் பெட்ரோலோடு எத்தனால் சேர்கிறது, இப்போது நூற்றுக்கு இருபது வரை. லாரியின் ஒவ்வொரு அறைக்கும் பூட்டும் சீலும் உண்டு.

பங்க்கில் லாரி வந்து நின்றதும் உடனே இறக்கமாட்டார்கள். சீலைப் பார்த்து, மேலே ஏறி அளவுகோலை விட்டுப் பார்த்து, ஜாடியில் கொஞ்சம் பிடிப்பார்கள். அதில் அடர்த்திமானி மிதக்கும், பக்கத்தில் வெப்பமானி. நம் ஊர் வெயிலில் பெட்ரோல் விரிந்திருக்கும். அதனால் பார்த்த எண்ணை அட்டவணை வைத்து 15 டிகிரிக்கு மாற்றுவார்கள். பெட்ரோலுக்குக் கனமீட்டருக்கு 720 முதல் 775 கிலோவுக்குள் இருக்க வேண்டும். லாரியின் சலானில் எழுதியதிலிருந்து 3 கிலோவுக்கு மேல் விலகக்கூடாது. பிறகு நிலத்தடித் தொட்டி. அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி அடிவரை இறக்குவார்கள். தண்ணீர் பட்டால் பசை நிறம் மாறும். எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் அதோடு பிரிந்து அடியில் தங்கிவிடும்.

அளவில் சந்தேகம் இருந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். பெட்ரோல் தரத்துக்கு வடிதாளும் கேட்கலாம். ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் பறந்துவிட வேண்டும். நான் கேட்டபோது பங்க்கில் வேலை செய்யும் தம்பி வடிதாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டினான். ஈரம் விளிம்பிலிருந்து சுருங்கிச் சுருங்கி, நடுவில் ஒரு புள்ளியாகி, அதுவும் போய்விட்டது. "சுத்தம்ணே," என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் நின்ற டிராக்டருக்கு டீசல் பிடிக்கப் போனான்.