நாற்காலி உங்களுக்கு, மீன் படகுக்கு

ஹவாயின் கோனா கரையில் காசு கொடுத்து மீன் பிடிக்கப் போகிறவர்கள் முதல் நாளே ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: பிடிபடுகிற மீன் யாருக்கு? என் மாப்பிள்ளை கேட்கவில்லை. படகு முழுவதையும் ஒரு நாளைக்கு எடுத்தாயிற்று, ஆயிரம் டாலருக்கு மேல் கட்டியாயிற்று, அப்புறம் மீன் நமக்குத்தானே என்று இருந்துவிட்டார். அங்கே வழக்கம் வேறு. பெரும்பாலான படகுகளில் மீன் படகுக்குத்தான் சொந்தம். சமைக்க ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பார்கள். மிச்சம் விலைக்குப் போய்விடும்.

"மாமா, காசும் நாம கொடுத்து மீனும் அவங்களுக்கா?" என்று கரைக்கு வரும்வரை புலம்பிக்கொண்டே வந்தார். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு டீசல் எஞ்சின் பார்த்தவன். மீன் பிடிப்பது பிழைப்பு என்றே கண்டு வளர்ந்தவனுக்கு, பணம் கொடுத்துப் போய் மீன் பிடித்து, அதைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிற இந்த விளையாட்டு முதலில் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. படகில் ஏறி எஞ்சின் சத்தம் கேட்ட பிறகு மனசு கொஞ்சம் மாறியது.

முதலில் அந்தக் கடல். ஹவாயின் பெரிய தீவு முழுக்க எரிமலை. மௌனா லோவா 4,169 மீட்டர், ஹுவாலாலாய் 2,521 மீட்டர். வடகிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றை இந்த மலைகள் மறித்துவிடுவதால் மேற்குக் கரையான கோனாவில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. மலைச்சரிவு கடலுக்குள்ளும் அப்படியே இறங்குகிறது. நம் மன்னார் வளைகுடாவில் நூறு பாக ஆழத் தண்ணீர் பார்க்க எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று தொழிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். இங்கே ஹோனோகோஹாவ் துறைமுகத்தின் வாயைத் தாண்டிச் சற்று நேரத்தில் நூறு பாகம் வந்துவிடுகிறது. சில மைல்களில் ஆயிரம் பாகம். நடுக்கடலில் திரிகிற மீன் கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் மேய்கிறது. மலையைச் சுற்றி வரும் காற்று தீவின் மறைவில் பெரிய நீர்ச்சுழிகளை உண்டாக்கும். அந்தச் சுழிகளில் அடிநீர் சத்தோடு மேலே வரும். அதைத் தேடிச் சின்ன மீன், அதைத் தேடிச் சூரை, சூரையைத் தேடி மார்லின்.

மார்லின் என்பது நம் கடற்கரையில் கொப்பரக்குல்லா என்று சொல்லும் மீன்களின் கூட்டம். முதுகு நீலம், மூக்கு ஈட்டி. கோனாவில் வருடம் முழுக்கக் கிடைக்கும் என்றாலும் கோடை மாதங்களில்தான் கூட்டம் அதிகம். பீட்டர் ஃபிதியன் என்பவர் 1959-ல் தொடங்கிய பன்னாட்டுப் போட்டியும் கோடையில்தான் நடக்கிறது.

படகு சுமார் எட்டு நாட் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தித் தூண்டில் போடுவது இல்லை. இருபக்கமும் நீட்டிய நீளக் கம்புகளிலிருந்தும் பின்தளத்திலிருந்தும் ஐந்து பொய் இரைகள் தண்ணீரில் இழுபட்டு வரும். இரை என்றால் கையளவு ரெசின் தலை, அதற்குப் பின்னால் பாவாடை மாதிரி தொங்கும் ரப்பர் இழைகள். இதற்கு முன்னோடி ஹென்றி சீ என்ற கோனா கேப்டன். சுமார் 1950 வாக்கில், குடிக்கிற கண்ணாடி டம்ளரையே அச்சாக வைத்து ரெசினை ஊற்றித் தலை செய்தார் என்று சொல்கிறார்கள். இன்று உலகம் முழுக்க மார்லினுக்கு இழுக்கும் இரைகளில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தவைதான்.

இரையைப் போட்டு இழுத்து வருவது பெரிய வித்தை இல்லை என்று நினைத்தேன். எங்கள் கேப்டன் அதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். படகு ஓடும்போது பின்னால் அலை அலையாக எழும் அல்லவா, அதில் இந்த இரை இரண்டாவது அலையில், அது மூன்றாவதில், இன்னொன்று அதற்கும் பின்னால் என்று எண்ணி வைத்தார். ஒவ்வொன்றும் அலையின் முன்சரிவில் ஓட வேண்டும். மேலே வந்து காற்றைக் கவ்வி, உள்ளே முழுகிப் புகைபோலக் குமிழி விட்டு, மறுபடி மேலே வர வேண்டும். ஒன்று சரியாக முழுகாமல் தத்திக்கொண்டே வந்தது. தங்கூசி நூலை ஒரு முழம் தளர்த்தினார். உடனே ஒழுங்காக ஓடத் தொடங்கியது.

எனக்குப் பிடித்தது வேறு. சில படகுகளுக்கு மீன் எழும்பி வரும், சில படகுகளுக்கு வராது, அதற்குக் காரணம் எஞ்சினும் புரொப்பல்லரும் தண்ணீருக்குள் எழுப்பும் சத்தம்தான் என்று அங்குள்ள கேப்டன்கள் உறுதியாக நம்புகிறார்கள். எஞ்சினை மாற்றியதும் மீன் வருவது நின்றுபோனதாகப் புலம்புகிறவர்களும் உண்டு. விஞ்ஞானம் எவ்வளவு ஒப்புக்கொள்ளுமோ தெரியாது, நான் ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு நம்பிக்கை, படகில் வாழைப்பழம் ஏறக் கூடாது. எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் வாழைப்பழம் வைக்கிற ஊரிலிருந்து போனவனுக்கு இதை ஜீரணிக்கக் கொஞ்சம் நேரமானது.

மீன் அடித்ததும் முதலில் காதுக்குத்தான் தெரியும். ரீல் கிறீச்சிட்டு அலறும். டெக்ஹேண்ட் பையன் மற்ற தூண்டில்களை மளமளவென்று சுற்றி எடுக்க, மாப்பிள்ளையை நடுவில் இருந்த சண்டை நாற்காலியில் உட்கார வைத்து இடுப்பில் வாரைக் கட்டினார்கள். ரீலில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தங்கூசி இருக்கும். 130 பவுண்டு தாங்கும் தங்கூசி என்றால், அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இழுவிசை வந்ததும் ரீல் வழுக்கி நூலை விட வேண்டும். அப்படித்தான் ரீலின் பிரேக்கான டிராக்கை முறுக்கி வைக்கிறார்கள். அதையும் கைக்கணக்கில் விடுவதில்லை, காலையிலேயே வில்தராசு கட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். உள்ளே இருப்பது அடுக்கடுக்கான தட்டுகள். வண்டியின் கிளட்ச் தட்டு மாதிரிதான்: இறுக்கினால் நூல் அறும், தளர்த்தினால் மீன் சுருளையே காலி செய்துவிடும்.

முக்கால் மணி நேரம் மாப்பிள்ளை இழுத்தார், வியர்த்தார். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது கேப்டனை. மீன் வலப்பக்கம் திரும்பினால் அவர் படகின் பின்பக்கத்தை வலப்பக்கம் திருப்பினார். ஆழத்துக்குப் போனால் நூலின் கோணம் மாறும்படி மெல்ல முன்னேறினார். மேலே வந்து ஓடினால் ரிவர்ஸ் போட்டுத் துரத்தினார். ரீல் சுற்றுவது ஒருவர், மீனைப் பிடிப்பது கியரில் கை வைத்திருப்பவர். இந்தத் தொழிலைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான்.

சாதனைப் புத்தகம் வேறு மாதிரிச் சொல்கிறது. 1939-ல் தொடங்கிய பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி, மீன் அடித்ததிலிருந்து முடியும்வரை தூண்டில் கம்பை ஒரே ஆள்தான் பிடிக்க வேண்டும். வேறு யாராவது தொட்டால் கணக்கில் சேராது. 1970-ல் ஹொனலுலுவுக்கு அருகே கேப்டன் கார்னீலியஸ் சோயின் வாடகைப் படகில் 1,805 பவுண்டு, அதாவது சுமார் 819 கிலோ எடையுள்ள நீல மார்லின் பிடிபட்டது. அதன் வயிற்றில் 150 பவுண்டுக்கு மேல் எடையுள்ள சூரை ஒன்று இருந்தது. படகில் வந்த சுற்றுலாக்காரர்கள் மாற்றி மாற்றிக் கம்பைப் பிடித்ததால் அது சாதனையாகவில்லை. ஊர்க்காரர்கள் அதை இன்றும் 'சோயின் ராட்சசன்' என்கிறார்கள். படகோட்டியின் பெயர் மீனுக்கு நிலைத்தது இப்படித்தான். பசிபிக் நீல மார்லினுக்கான அதிகாரபூர்வச் சாதனை 1982-ல் கோனாவில் ஜே டி பொபியென் பிடித்த 1,376 பவுண்டு.

எங்களுடையது இருநூறு பவுண்டு இருக்கும் என்று கேப்டன் கண்ணளவில் சொன்னார். அநேகமாக ஆண். ஆண் மார்லின் முந்நூறு பவுண்டைத் தாண்டுவது அபூர்வம். ஆயிரம் பவுண்டு மீன்கள் எல்லாம் பெண்கள்தான். டெக்ஹேண்ட் தடித்த கையுறை மாட்டிக்கொண்டு தூண்டில் முனையின் முன்னிழையைக் கையில் சுற்றிப் பிடித்தான். உண்மையான ஆபத்து அந்த நேரத்தில்தான். மீன் திடீரென்று ஓடினால் சுற்றிய இழை கையோடு ஆளையும் கடலுக்குள் இழுத்துவிடும். அவன் ஒவ்வொரு சுற்றையும் விடுவிக்கத் தோதாகவே போட்டான். படகோரம் வந்தபோது மீனின் உடம்பில் நீலப் பட்டைகள் விளக்குப் போட்டது போல ஒளிர்ந்தன. தோளில் ஓர் அடையாளச் சீட்டைக் குத்தினார்கள். மூக்கைப் பிடித்தபடியே படகை மெல்ல முன்னால் ஓட்டி, செவுளுக்குள் தண்ணீர் பாய வைத்து, தெம்பு வந்ததும் கொக்கியைக் கழற்றி விட்டார்கள். இப்படிக் கோனாவில் அடையாளமிட்டு விட்ட மார்லின்கள் நிலநடுக்கோட்டைத் தாண்டி மார்க்கெசாஸ் தீவுப் பக்கம்வரை போயிருக்கின்றன.

மாப்பிள்ளை புலம்பியது அந்த மார்லினுக்காக அல்ல. திரும்புகிற வழியில் பிடிபட்ட ஓனோவுக்காக. நம் வஞ்சிரத்தின் உறவு, நல்ல நீளம். அதுதான் படகுக்குப் போனது. நான் அவரிடம் சொன்னேன்: "நம்ம ஊர்ல படகுக்காரச் சம்மாட்டி, எஞ்சின், வலைன்னு பங்கு பிரிச்ச பிறகுதான் கடலுக்குப் போனவனுக்கு வரும். இங்க நீங்க கடலுக்குப் போனவருமில்ல, சம்மாட்டியுமில்ல." மீன் விற்ற காசு டீசலுக்கும் கூலிக்கும் ஆவதால்தான் படகு வாடகை அந்த மட்டில் நிற்கிறது. ஹவாயில் மார்லினைக் கருவாட்டுப் பதத்தில் புகையூட்டி விரும்பித் தின்கிறார்கள், வீணாவதில்லை. அமெரிக்கப் பெருநிலத்தில் மார்லினை விற்கவே தடை. ஹவாயில் பிடித்ததை ஹவாயிலேயே தின்றாக வேண்டும், பெருநிலத்துக்கு அனுப்பக் கூடாது என்று 2018-ல் சட்டத்தை இறுக்கியிருக்கிறார்கள்.

கோனாவுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஓரிரு விஷயங்கள். மார்லின்தான் குறி என்றால் அரைநாள் வாடகை வேண்டாம், இரை ஓடும் நேரம் அதிகமாக இருந்தால்தான் வாய்ப்பு. வாந்தி மாத்திரையைக் கரையிலேயே போட்டுக்கொள்ளுங்கள், ஆட்டம் தொடங்கிய பிறகு போடுவது வீண். மீனை விட்டுவிட வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதைக் கேப்டனிடம் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். டெக்ஹேண்ட் பையன்களுக்குச் சம்பளத்தைவிட இனாம்தான் முக்கிய வரும்படி. வாடகையில் 15 முதல் 20 சதவீதம் கொடுப்பது அங்கே வழக்கம். மீன் கிடைக்காத நாளிலும் கொடுங்கள். அன்றைக்கும் அவன் அதே இரைகளைத்தான் அலை எண்ணி வைத்திருப்பான்.